ஒரே உணவு, இரண்டு வழிகள்: இரைப்பை பைபாஸுக்குப் பின் வரும் தாழ்சர்க்கரையில் குடல் ஹார்மோன்களின் பங்கு

நிகழ்வு

2010-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரேசி மெக்லாக்லினும் அவரது குழுவினரும் ஒரே ஒரு நோயாளியை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். உடல் பருமனுக்காக ரூ-என்-வை இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர் அந்த நோயாளி. சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரை கடுமையாக இறங்கி, மூளைக்குக் குளுக்கோஸ் பற்றாமல் நிலைதடுமாறும் அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பைபாஸ் அறுவையில் பழைய இரைப்பையை வெட்டி எடுத்துவிடுவதில்லை. மேலே ஒரு சிறு பையை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை உள்ளேயே விட்டுவிடுவார்கள். உணவே போகாமல் ஒதுங்கிக் கிடந்த அந்த மீதி இரைப்பைக்குள் வயிற்றுச் சுவர் வழியாக ஒரு குழாயைப் பொருத்தி, அதன் வழியே உணவு செலுத்தினார்கள். அறிகுறிகள் நின்றன.

அதோடு விட்டிருந்தால் இது ஒரு சிகிச்சைக் குறிப்பாக மட்டும் இருந்திருக்கும். அவர்கள் அடுத்த படிக்குப் போனார்கள். ஒரே திரவ உணவை, ஒரே அளவில், அதே நபருக்கு ஒருமுறை வாய் வழியாகவும் ஒருமுறை குழாய் வழியாகவும் கொடுத்து, இடைவெளி விட்டு விட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வாய் வழியே கொடுத்தபோது குளுக்கோஸ் விறுவிறுவென்று ஏறியது. ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனும் இன்சுலினும் இயல்பை விடப் பல மடங்கு சுரந்தன. பிறகு சர்க்கரை சரிந்தது. குழாய் வழியே கொடுத்தபோது இந்த மாறுதல்கள் எல்லாம் அறுவை செய்துகொள்ளாதவர்களிடம் காணும் அளவுக்குத் திரும்பின.

ஒரு நோயாளியை வைத்துப் பொது முடிவுக்கு வருவது பொதுவாகச் சரியல்ல. இங்கே அது செல்லுபடியாவதற்குக் காரணம், நோயாளி தனக்குத் தானே ஒப்பீடாக இருந்ததுதான். இரண்டு சோதனைகளிலும் இருந்தது ஒரே கணையம், ஒரே கல்லீரல், ஒரே உடல் எடை, ஒரே உணவு. உணவு குடலின் எந்த இடத்தை முதலில் தொட்டது, எவ்வளவு வேகத்தில் தொட்டது என்பது மட்டுமே வேறு. சாப்பிட்டதற்கு எவ்வளவு இன்சுலின் சுரக்க வேண்டும் என்பதில் கணையத்துக்கு முன்பே குடல் ஒரு முடிவு எடுத்துவிடுகிறது என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டிய மனித நிகழ்வுகள் குறைவு.

பைபாஸில் உடலமைப்பு எப்படி மாறுகிறது

இரைப்பையின் மேல்முனையில் 15 முதல் 30 மி.லி. கொள்ளும் ஒரு பையை ஸ்டேப்ளர் கருவியால் பிரிக்கிறார்கள். சிறுகுடலை அதன் முதல் பகுதியான டியோடினத்துக்குக் கீழே, அடுத்த பகுதியான ஜெஜுனத்தின் தொடக்கத்தில் குறுக்கே வெட்டி, கீழ் முனையை மேலே தூக்கி அந்தப் பையோடு இணைக்கிறார்கள். இது உணவுக் கிளை. வழக்கமாக 100 முதல் 150 செ.மீ. நீளம் விடுவார்கள். மீதி இரைப்பை, டியோடினம், ஜெஜுனத்தின் முதல் 50 முதல் 100 செ.மீ. ஆகியவை பித்தநீரும் கணையநீரும் மட்டும் ஓடும் தனிக் கிளையாகிக் கீழே வந்து உணவுக் கிளையோடு சேர்கின்றன. உணவும் செரிமான நீர்களும் முழுதாகக் கலப்பது அந்தச் சந்திப்புக்குப் பிறகுதான்.

இதில் கவனம் பெறாமல் போவது பைலோரஸ். இரைப்பைக்கும் டியோடினத்துக்கும் நடுவே உள்ள இந்தச் சுருக்குத்தசை, நிமிடத்துக்குச் சுமார் 1 முதல் 4 கிலோகலோரி அளவில்தான் உணவைக் கீழே விடும். 250 கிலோகலோரி உள்ள ஒரு திரவ உணவு முழுதும் சிறுகுடலுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவது இயல்பு. பைபாஸுக்குப் பிறகு உணவின் பாதையில் பைலோரஸே கிடையாது. சிறு பைக்குள் விழும் திரவம் சில நிமிடங்களில் நேராக ஜெஜுனத்துக்குள் இறங்கிவிடுகிறது.

ஸ்டான்ஃபோர்டு நோயாளிக்குக் குழாய் பொருத்தியது பைலோரஸுக்கு மேலே இருந்த மீதி இரைப்பையில். ஆகவே குழாய் வழியே போன உணவு பழையபடி பைலோரஸைத் தாண்டி, டியோடினத்தைத் தொட்டு, பித்தநீரோடு கலந்து, அளவளவாகக் கீழே போனது. குழாயை நேரடியாக ஜெஜுனத்தில் வைத்திருந்தால் இதே முடிவு வந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

குடல் அனுப்பும் செய்தி

குடல் ரத்தத்தின் மூலம் பிற உறுப்புகளுக்குக் கட்டளை அனுப்புகிறது என்பது 1902-ல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் செக்ரெட்டினைக் கண்டறிந்தபோதே தெரிந்துவிட்டது. சர்க்கரையோடு அதற்குள்ள தொடர்பு துலங்கியது 1964-ல். இன்சுலினை ரத்தத்தில் அளக்கும் வசதி வந்த பிறகு, குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவதை விட வாய் வழியே கொடுத்தால் இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது என்று அந்த ஆண்டில் தனித்தனிக் குழுக்கள் காட்டின. ஆரோக்கியமானவர்களிடம் வாய் வழிக் குளுக்கோஸுக்குச் சுரக்கும் இன்சுலினில் 50 முதல் 70 சதவீதம் வரை இந்தக் குடல் தூண்டலால் வருவது. இதை இன்கிரெட்டின் விளைவு என்கிறோம்.

இதைச் செய்பவை முக்கியமாக இரண்டு ஹார்மோன்கள். ஜிஐபி, டியோடினத்திலும் ஜெஜுனத்தின் மேற்பகுதியிலும் நிறைந்துள்ள கே செல்களில் சுரக்கிறது. ஜிஎல்பி-1 சுரப்பது எல் செல்களில். இவை ஜெஜுனத்தில் தொடங்கிக் கீழே சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியம், பெருங்குடல் என்று போகப்போக அடர்த்தியாகின்றன. இயல்பான செரிமானத்தில் குளுக்கோஸின் பெரும்பகுதி மேலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், கீழே உள்ள எல் செல்களுக்குக் கொஞ்சம்தான் எட்டுகிறது. பைபாஸில் செறிவான உணவு ஒரே வீச்சில் அங்கே போய் விழுகிறது. சாப்பிட்ட பின் ஜிஎல்பி-1 அளவு பத்து மடங்கு வரை கூடுவது பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் வழக்கமாகக் காணப்படுவது. எல் செல்களே சுரக்கும் பிஒய்ஒய் என்ற ஹார்மோனும் கூடவே ஏறிப் பசியை அடக்குகிறது. எடை குறைவதில் அதற்குப் பங்கு உண்டு. தாழ்சர்க்கரையில் முக்கியப் பங்கு ஜிஎல்பி-1-க்கு.

ஜிஎல்பி-1 ரத்தத்தில் ஓரிரு நிமிடங்கள்தான் தாக்குப்பிடிக்கும். டிபிபி-4 என்ற நொதி அதன் முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கிவிடும். இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அது நான்கு வேலைகளைச் செய்கிறது: இன்சுலினைக் கூட்டுகிறது, சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககானைக் குறைக்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளைக்கு வயிறு நிறைந்த செய்தியைச் சேர்க்கிறது. இவற்றில் மூன்றாவது வேலைதான் இந்த நிகழ்வின் முடிச்சு. இயல்பான உடலில் ஜிஎல்பி-1 அதிகமாகச் சுரந்தால் அது இரைப்பையை மெதுவாக்கும்; குடலுக்கு வரும் உணவு குறையும்; ஜிஎல்பி-1-உம் தானாகக் குறையும். பைபாஸுக்குப் பிறகு அந்தத் தடை பிடிக்க வேண்டிய இடத்தை உணவு தொடுவதே இல்லை. செய்தி உரக்கப் போகிறது, வேகத்தைக் குறைக்க ஆளில்லை.

நீரிழிவுக்கும் எடைக்குறைப்புக்கும் வாரம் ஒருமுறை போடும் செமாகுளூட்டைடு ஊசியும், ஜிஎல்பி-1 போய் ஒட்டும் அதே ஏற்பியைத்தான் தூண்டுகிறது; அப்படியிருக்க அதை மட்டும் எடுத்துக்கொள்பவர்களுக்குக் கடும் தாழ்சர்க்கரை ஏன் அரிதாக இருக்கிறது என்ற கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. மருந்தின் அரை ஆயுள் சுமார் ஒரு வாரம், அதனால் ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழச் சமமாக நிற்கும். இரைப்பையும் பைலோரஸும் அவற்றின் இடத்தில் இருப்பதால் குளுக்கோஸ் மெதுவாகவே வந்து சேரும். பைபாஸில் ஹார்மோனும் குளுக்கோஸும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகின்றன.

உணவு முதல் சரிவு வரை

கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் நடப்பதை முதலில் பார்க்க வேண்டும். குளுக்கோஸ் உள்ளே நுழைந்து எரிந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உண்டாகிறது. ஏடிபி கூடினால் செல் சவ்வில் உள்ள பொட்டாசியம் வாயில் மூடுகிறது. அதனால் கால்சியம் வாயில் திறந்து, இன்சுலின் வெளியே வருகிறது. ஜிஎல்பி-1 தன் ஏற்பியில் உட்கார்ந்து, செல்லுக்குள் சுழல் ஏஎம்பி என்ற மூலக்கூறைக் கூட்டி, அந்தச் சுரப்பைப் பெருக்குகிறது. தூண்டுவது குளுக்கோஸ், பெருக்குவது ஜிஎல்பி-1. குளுக்கோஸ் குறைந்தால் பெருக்க ஒன்றும் இல்லாமல் போகும். அதனால்தான் ஜிஎல்பி-1 தனியாகச் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்காது என்று பாடங்களில் சொல்கிறார்கள்.

அந்தப் பாடம் சரி. ஆனாலும் பைபாஸ் நோயாளிக்குச் சர்க்கரை சரிகிறது. காரணம் நேரக் கணக்கில் இருக்கிறது. ஒரு டம்ளர் பழச்சாறு குடித்ததாக வைத்துக்கொள்வோம். முதல் சில நிமிடங்களிலேயே ஜெஜுனத்தில் சர்க்கரை நிறைகிறது. 30 முதல் 45 நிமிடத்துக்குள் ரத்தச் சர்க்கரை உச்சத்தைத் தொடுகிறது; டெசிலிட்டருக்கு 200 மி.கி.-ஐத் தாண்டுவது அரிதல்ல. அதே நேரத்தில் ஜிஎல்பி-1-உம் உச்சத்தில் நிற்பதால், அந்த 200-க்கு உரியதை விடப் பல மடங்கு இன்சுலின் கொட்டுகிறது. ஒரு மணி நேரம் ஆவதற்குள் குடலில் இருந்த சர்க்கரை தீர்ந்துவிடுகிறது. இயல்பானவருக்கு இரைப்பையில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்து சொட்டுச் சொட்டாக வரும். இவருக்கு வரத்து நின்றே போகிறது. ரத்தத்தில் உள்ள இன்சுலின் சில நிமிடங்களில் பாதியாகக் குறைந்தாலும், தசையிலும் கல்லீரலிலும் அதன் வேலை மேலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்கிறது. உள்ளே வரும் குளுக்கோஸ் இல்லை, வெளியே இழுக்கும் இன்சுலின் இருக்கிறது. சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்துக்குள் சரிவு வருவது இதனால்தான்.

சரிவு வந்ததும் குளுக்ககான் எழுந்து கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே விடச் செய்ய வேண்டும். பைபாஸுக்குப் பிறகு இந்த மீட்பும் மந்தமாகிறது. அடிக்கடி சர்க்கரை இறங்குபவர்களிடம் வியர்வை, நடுக்கம், படபடப்பு என்ற எச்சரிக்கைகளும் நாளடைவில் மங்கிவிடும். நேராகக் குழப்பம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், சில சமயம் வலிப்பு என்றுதான் தெரியவரும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அந்த முன்னறிவிப்பு இன்னும் குறையும்.

பைபாஸ் செய்துகொண்ட எல்லோருக்கும் ஜிஎல்பி-1 எகிறுகிறது. அறிகுறியுள்ள தாழ்சர்க்கரை சிலருக்குத்தான் வருகிறது. பீட்டா செல்லின் உணர்திறன், இன்சுலின் ரத்தத்திலிருந்து நீங்கும் வேகம், குளுக்ககானின் மறுமொழி, பித்த அமிலங்களில் வரும் மாற்றம் எனப் பல காரணங்கள் சேர்கின்றன. ஜிஎல்பி-1 தேவையான நிபந்தனை, அது மட்டுமே போதுமானதல்ல என்று எடுத்துக்கொள்வதே சரி.

கணையத்தை வெட்டிய காலம்

இந்தத் தொல்லையை மருத்துவ உலகம் கவனித்தது 2005-ல். மெயோ கிளினிக்கின் ஜான் சர்வீஸும் குழுவினரும் பைபாஸுக்குப் பின் கடும் தாழ்சர்க்கரை வந்த ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கணையத் திசுவைப் பார்த்தபோது பீட்டா செல்கள் பெருகியிருந்ததாகத் தோன்றியது. நெசிடியோபிளாஸ்டோசிஸ் என்று பெயரிட்டு, கணையத்தின் ஒரு பகுதியை அகற்றினார்கள். அன்று கையில் இருந்த தகவலுக்கு அது நியாயமான முடிவு. ஆனால் அடுத்த ஆண்டே அந்தத் திசுக்களை உடல் பருமன் உள்ள ஒப்பீட்டு நபர்களின் திசுக்களோடு வைத்துப் பார்த்த மறுஆய்வு, பீட்டா செல்களின் மொத்த அளவு கூடவில்லை என்றது. அறுவைக்குப் பின்னும் பலருக்குத் தொல்லை திரும்பியது. வெட்டியது அளவுக்கு மேல் போனால் நோயாளி வாழ்நாள் நீரிழிவுக்குப் போய்விடுவார்.

ஸ்டான்ஃபோர்டு நிகழ்வின் மதிப்பு இந்தப் பின்னணியில்தான் விளங்கும். பீட்டா செல்களே பெருகிக் கட்டுமீறிப் போயிருந்தால், உணவு எந்த வழியில் வந்தாலும் இன்சுலின் அதிகமாகச் சுரந்திருக்க வேண்டும். குழாய் வழியே கொடுத்ததும் அது இயல்புக்குத் திரும்பியது. ஆகவே கோளாறு மீளக்கூடியது, அதன் வேர் உணவு சேரும் முறையில் இருக்கிறது.

மிச்சமிருந்த ஒரு கேள்வி: உணவு வேகமாகப் போவதால் குளுக்கோஸும் ஏறுகிறது, ஜிஎல்பி-1-உம் ஏறுகிறது, இரண்டில் குற்றவாளி எது? அதற்கு எக்செண்டின் 9-39 பதில் சொன்னது. கீலா பல்லியின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த எக்செண்டின்-4 என்ற 39 அமினோ அமிலப் புரதத்துண்டின் முதல் எட்டை நீக்கினால் கிடைப்பது இது. ஜிஎல்பி-1 ஏற்பியில் போய் உட்காரும். ஆனால் தூண்டாது, வெறுமனே அடைத்துக்கொள்ளும். பைபாஸுக்குப் பின் தாழ்சர்க்கரை வருபவர்களுக்கு இதை நரம்பில் ஏற்றியபடி அதே உணவைக் கொடுத்தபோது, இன்சுலின் குறைந்தது, சரிவும் தடுக்கப்பட்டது. உச்சத்தில் குளுக்கோஸ் குறையாமல் இருந்தும் இது நடந்தது. இதே மூலக்கூறு அவெக்ஸிடைடு என்ற பெயரில் தோலடி ஊசி மருந்தாக மருத்துவச் சோதனைகளில் இருக்கிறது.

இப்படி ஒருவர் வந்தால் எப்படிப் பார்ப்பது

முதல் கேள்வி நேரம். சாப்பிட்ட அரை மணிக்குள் வயிற்று முறுக்கல், வயிற்றுப்போக்கு, படபடப்பு, படுத்துக்கொள்ள வேண்டும்போன்ற சோர்வு வந்தால் அது முன்நேர டம்ப்பிங். செறிவான உணவு குடலுக்குள் நீரை இழுப்பதால் வருவது, சர்க்கரை அப்போது இறங்கியிருக்காது. 1 முதல் 3 மணி நேரத்தில் வருவது நாம் பேசும் தாழ்சர்க்கரை. வெறும் வயிற்றில், விடியற்காலையில், இரவு உணவு தவறியபோது சர்க்கரை இறங்கினால் பைபாஸின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. இன்சுலினைச் சுரக்கும் இன்சுலினோமா கட்டி, அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு, மது ஆகியவற்றைத் தேட வேண்டும். அறுவைக்கும் தொல்லைக்கும் உள்ள இடைவெளியும் உதவும்: இது பெரும்பாலும் ஓர் ஆண்டு கழிந்த பிறகு தலைகாட்டும். அறுவை முடிந்த சில வாரங்களிலேயே வந்தால் வேறு காரணத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்த வேறு காரணங்களில் நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது மாத்திரை டப்பா. அறுவைக்கு முன் நீரிழிவுக்கு எடுத்த, இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை யாரும் நிறுத்தச் சொல்லாததால் தொடர்ந்து விழுங்குபவர்கள் உண்டு. கலவை மாத்திரையின் அட்டையில் மெட்ஃபார்மின் என்ற பெயரை மட்டும் படித்துவிட்டுக் கூடவே இருக்கும் கிளிமிபிரைடைக் கவனிக்காமல் விடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. அட்டையை வாங்கி முழுதாகப் படிக்க வேண்டும்.

தாழ்சர்க்கரையை உறுதிசெய்ய மூன்று அம்சங்கள் ஒருசேர வேண்டும்: அறிகுறி, அந்த நேரத்தில் அளந்த குறைந்த சர்க்கரை, சர்க்கரை ஏறியதும் அறிகுறி விலகுவது. டெசிலிட்டருக்கு 54 மி.கி.-க்குக் கீழே போவதை மருத்துவ முக்கியத்துவம் உள்ள அளவாக எடுத்துக்கொள்கிறோம். வீட்டுக் குளுக்கோமீட்டர் வழிகாட்டும். தாழ்ந்த அளவுகளில் அதன் பிழை பெரிது என்பதால் நோயறிதலுக்கு அது மட்டும் போதாது. தோலில் ஒட்டும் தொடர் கண்காணிப்புக் கருவி எந்த உணவுக்கு எப்போது சரிகிறது என்ற வடிவத்தைக் காட்டுவதில் சிறந்தது. அது அளப்பது திசுநீரை என்பதால் ரத்தத்தை விடச் சில நிமிடங்கள் பின்தங்கும். சர்க்கரை செங்குத்தாக இறங்கும் இந்த நோயில் அந்தப் பின்தங்கலுக்குக் கூடுதல் விலை உண்டு: கருவி 80 காட்டும்போது ரத்தத்தில் 60 இருக்கலாம். கருவி ஒட்டிய கையை அழுத்திப் படுத்தால் பொய்யான தாழ்வுகளும் பதிவாகும்.

சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இங்கே கிட்டத்தட்டப் பயனற்றது. ஏற்றமும் இறக்கமும் சராசரியில் ஒன்றையொன்று அடித்துவிடும். பைபாஸுக்குப் பின் இரும்புச்சத்துக் குறைபாடு அடிக்கடி வருவது. அது இந்த எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டவும் கூடும்.

75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைக்கும் வழக்கமான சோதனையை இவர்களுக்குச் செய்யக் கூடாது. அது கடும் டம்ப்பிங்கைக் கிளப்பும். ஆரோக்கியமானவர்களிலேயே சிலருக்குச் சர்க்கரையை இறக்கிவிடும் சோதனை அது. செய்ய வேண்டியது கலப்பு உணவுச் சோதனை. இரவு முழுதும் பட்டினி, காலையில் கையில் நரம்பு ஊசி, இரண்டு அடிப்படை மாதிரிகள். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றும் உள்ள திரவ உணவை 10 நிமிடத்துக்குள் குடிக்கவைத்து, 15, 30, 45, 60, 90, 120, 150, 180 நிமிடங்களில் குளுக்கோஸ், இன்சுலின், இன்சுலினோடு சேர்ந்து வெளிவரும் சி-பெப்டைடு ஆகியவற்றுக்கு ரத்தம் எடுக்க வேண்டும். நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் கரைசலான 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நோயாளியிடம் ஒவ்வொரு முறையும் பெயர், தேதி, எளிய கழித்தல் கணக்கு கேட்க வேண்டும். ஆய்வக எண் கைக்கு வரும் முன்பே பேச்சின் வேகம் குறைவது தெரியலாம்.

சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் ரத்தம் எடுத்த பிறகு. சாதாரணக் குழாயில் வைத்த ரத்தத்தில் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். ஃபுளோரைடு சேர்த்த சாம்பல் மூடிக் குழாய் இந்த இழப்பைக் குறைக்கும், ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் முழுதாக நிறுத்தாது. அதனால் பனியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்புவதே பாதுகாப்பு. ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தால் அதிலிருந்து வரும் நொதி இன்சுலினைச் சிதைத்து, அளவைக் குறைத்துக் காட்டும். ஆராய்ச்சிக்காக ஜிஎல்பி-1 அளப்பதாக இருந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் முன்கூட்டியே டிபிபி-4 தடுப்பானைச் சேர்த்துவைத்து, பனியில் எடுத்து, குளிர்ந்த சென்ட்ரிஃப்யூஜில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்க வேண்டும். தடுப்பான் சேர்க்கத் தவறினால் செயல்படும் ஜிஎல்பி-1 பெரும்பகுதி சிதைந்த பிறகுதான் அளவு கிடைக்கும். அன்றாட மருத்துவத்தில் ஜிஎல்பி-1 அளக்கத் தேவையில்லை. குளுக்கோஸ், இன்சுலின் வளைவுகளே போதும்.

பட்டினித் தாழ்சர்க்கரைக்கு வகுத்த எல்லைகளை, அதாவது சர்க்கரை 55-க்குக் கீழே இருக்கும்போது இன்சுலின் மி.லி.-க்கு 3 மைக்ரோ யூனிட், சி-பெப்டைடு மி.லி.-க்கு 0.6 நானோகிராம் என்ற எண்களை, உணவுக்குப் பிந்தைய சரிவுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. சற்று முன் சாப்பிட்டவருக்கு இன்சுலின் அதை விடக் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. அந்த எண்களைப் பார்த்து இன்சுலினோமா என்று முடிவுகட்டி ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்கவைப்பது நடக்கிறது.

தட்டில் மாற்றுவது

சிகிச்சையில் பாதிக்கு மேல் உணவுதான், அதில் பாதி வேகம். ஒரு வேளைக்கு மாவுச்சத்து 30 கிராம், நடுவேளைச் சிற்றுணவுக்கு 15 கிராம் என்பது புழக்கத்தில் உள்ள உச்சவரம்பு. 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. 40 கிராம் எடையுள்ள ஒரு இட்லியில் சுமார் 10 கிராம். ஆக மூன்று சிறிய இட்லி அல்லது ஒரு சிறு கிண்ணம் சோறு ஒரு வேளைக்கு முழு ஒதுக்கீடு. வரிசையும் முக்கியம்: முதலில் முட்டை, மீன், கோழி, பனீர் அல்லது கெட்டிப் பருப்பு, பிறகு பொரியல், கூட்டு, கடைசியில் சோறு. புரதமும் கொழுப்பும் நாரும் முன்னே போனால் பின்னால் வரும் குளுக்கோஸ் உறிஞ்சப்படும் வேகம் தணிகிறது.

நம் சமையலில் சிக்கல் வருவது கஞ்சி, கூழ் வகையில். கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் நல்ல உணவு என்பதில் சந்தேகமில்லை. பைபாஸ் செய்தவருக்கோ, அது திரவ வடிவில் வரும் மாவுச்சத்து. சிறு பையில் நிற்காமல் ஓடிவிடும். அதே கேழ்வரகை அடையாகச் சுட்டு, முட்டையோடு சேர்த்து மென்று தின்றால் வளைவு வேறு மாதிரி இருக்கும். சோற்றில் ரசத்தையும் மோரையும் குழையக் கரைத்து விழுங்குவதும் கூழுக்கு ஒப்பானதே. சாப்பிடும்போதும் சாப்பிட்ட பிறகு அரை மணி வரையும் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கச் சொல்வதன் காரணமும் அதுதான். பழச்சாறு, சர்க்கரை போட்ட காப்பி, பாயசம் வேண்டாம். முழுப் பழத்தைப் புரதத்தோடு சேர்த்துக் கொஞ்சமாக எடுக்கலாம். சுண்டல் சிறந்த நடுவேளை உணவு, அளவு பார்த்து. மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகச் சாப்பிடுவது, ஒரு வேளையைத் தவறவிட்டுப் பிறகு பசியில் நிறையச் சாப்பிடும் ஆபத்தைத் தவிர்க்கும்.

சர்க்கரை இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் வீட்டார் அதிகம் தடுமாறுகிறார்கள். பதற்றத்தில் ஒரு பெரிய டம்ளர் சர்க்கரைத் தண்ணீரையோ குளிர்பானத்தையோ கொடுத்தால், அதுவே அடுத்த ஜிஎல்பி-1 எகிறலைக் கிளப்பி, ஒன்றரை மணி நேரத்தில் இன்னொரு சரிவைக் கொண்டுவரும். 10 முதல் 15 கிராம் குளுக்கோஸ் மட்டும் கொடுத்து, 15 நிமிடம் காத்து அளந்து, ஏறியதும் ஒரு முட்டையோ ஒரு கை வேர்க்கடலையோ கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவமனையில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. நரம்பில் ஏற்றினால் 25 கிராம் குளுக்கோஸ் கிடைக்கும். நரம்பு வழிக் குளுக்கோஸ் குடலைத் தொடாததால் ஜிஎல்பி-1 எகிறல் இதில் இல்லை. பல நாள் வாந்தியோடு வந்தவராக இருந்தால் குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ தயமின் (வைட்டமின் பி1) ஊசி கட்டாயம். இல்லாவிட்டால் வெர்னிக்கே மூளைப் பாதிப்புக்கு வழி திறந்துவிடும். அவசரப் பிரிவில் பைபாஸ் என்று மட்டும் சொன்னால் இதயத்தில் செய்தது என்றே எடுத்துக்கொள்வார்கள்; உடல் எடைக்காக இரைப்பையில் செய்தது என்று விளங்கச் சொல்ல வேண்டும்.

மருந்துகள்

உணவு மாற்றம் போதாதபோது முதலில் அகார்போஸ். மாவுச்சத்தையும் சர்க்கரையையும் குளுக்கோஸாக உடைக்கும் குடல் நொதிகளை இது தடுத்து, உறிஞ்சப்படும் வேகத்தை இறக்குகிறது. உணவின் முதல் கவளத்தோடு 25 மி.கி.-ல் தொடங்கி, சில வாரங்களில் 50, தேவைப்பட்டால் 100 மி.கி. வரை ஒவ்வொரு வேளைக்கும் உயர்த்தலாம். சாப்பிட்டு முடித்த பிறகு போட்டால் பலன் போய்விடும். வாயு, வயிற்று உப்புசம் வரும். மெதுவாக உயர்த்தினால் பலருக்குத் தணியும். இதை எடுப்பவர் கண்டிப்பாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்று: அகார்போஸ் வேலை செய்யும்போது வீட்டுச் சர்க்கரை, வெல்லம், மிட்டாய் எதுவும் சரிவை விரைவாகத் தூக்காது, ஏனென்றால் அவற்றைக் குளுக்கோஸாக உடைக்கும் நொதிதான் தடுக்கப்பட்டிருக்கிறது. குளுக்கோஸ் பொடி அல்லது குளுக்கோஸ் மாத்திரையே கையில் இருக்க வேண்டும். இதைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு, வீட்டில் சமையல் பார்ப்பவரிடமும் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஆக்ட்ரியோடைடு. பிற ஹார்மோன்களின் சுரப்பை அடக்கும் சொமாட்டோஸ்டேட்டின் என்ற ஹார்மோன் போல இயங்கும் இது, எல் செல்லில் ஜிஎல்பி-1-ஐயும் பீட்டா செல்லில் இன்சுலினையும் ஒருசேரத் தடுக்கும். உணவுக்கு 15 முதல் 30 நிமிடம் முன் தோலடியில் 25 அல்லது 50 மைக்ரோகிராம் என்று தொடங்குவார்கள். பொருந்தினால் மாதம் ஒருமுறை போடும் நீண்டநேர வடிவத்துக்கு மாறலாம். பித்தப்பைக் கற்கள், கொழுப்பு மலம், விலை மூன்றும் தடைகள். குளுக்ககானையும் இது அடக்குவதால் சிலருக்கு மீட்பு தாமதப்படும். முதல் சில ஊசிகளைக் கண்காணிப்பில் போடுவது நல்லது. டயாசாக்சைடு, பீட்டா செல்லின் பொட்டாசியம் வாயிலைத் திறந்துவைத்து இன்சுலினை நிறுத்துகிறது. கால்வீக்கமும் உடலில் முடி வளர்ச்சியும் அதன் தொல்லைகள். கால்சியம் வாயிலை அடைக்கும் வெராபமில், நிஃபெடிபின் சிலருக்கு உதவியிருக்கின்றன.

இவை எதற்கும் மசியாதவருக்குத்தான் மீதி இரைப்பையில் குழாய். அதைப் பொருத்துவதும் எளிதல்ல. வழக்கமாக எண்டோஸ்கோப்பை வாய் வழியே விட்டு வைக்கும் உணவுக் குழாயை இவர்களுக்கு அப்படி வைக்க முடியாது, ஏனென்றால் வாயிலிருந்து மீதி இரைப்பைக்கு நேர்வழி கிடையாது. லேப்ராஸ்கோபி மூலமோ, ஸ்கேன் வழிகாட்டுதலில் வெளியிலிருந்து ஊசி செலுத்தியோ வைக்க வேண்டும். பைபாஸை நீக்கிப் பழைய அமைப்புக்குத் திருப்பும் அறுவையை யோசிப்பவருக்கு இந்தக் குழாய் ஒரு முன்னோட்டச் சோதனையாகவும் பயன்படுகிறது. சில வாரங்கள் குழாய் வழியே மட்டும் உண்டு அறிகுறிகள் விலகினால், திருப்பும் அறுவை பலன் தர வாய்ப்பு உண்டு. விலகாவிட்டால் அந்த அறுவைக்குப் போகும் முன் இன்சுலினோமாவை மறுபடி தேட வேண்டும். திருப்பிய பிறகும் சிலருக்குத் தாழ்சர்க்கரை முழுதாக நீங்குவதில்லை, இழந்த எடையும் திரும்பக் கூடும். இரண்டையும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் நோயாளியிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும்.